மல்சூன் மடித்துப் பிடித்த போன்

பிடித்த பெட்டி ஏலத்துக்கு வந்தால் தக் மல்சூன் கொட்டாவி விடுவாள். இருபது வருடமாக இதுதான் வழக்கம். சிப்பிச் சதை வெளுத்துப் பருத்து, ஓரத்துக் கருப்பு விளிம்பு சுருங்காமல் இருக்கிற பெட்டியாக இருந்தால் கொட்டாவி இன்னும் பெரிதாக வரும். கண்ணில் நீர்கூட வந்துவிடும். பார்ப்பவர்கள், பாவம், இந்த அம்மாவுக்கு இதில் அக்கறை இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அதே நேரத்தில் அவளுடைய இடது கை ஜாக்கெட்டின் ஓரத்தைக் கோழி இறக்கை மாதிரி தூக்கும். வலது கை அதற்குள் நுழையும். உள்ளே விரல்கள் விலை சொல்லும். எதிரே மேடைமேல் நிற்கும் ஏலக்காரர் பியோ இன்சிக்கின் கண்ணுக்கு மட்டும் அந்த விரல்கள் தெரியும். தோளோடு தோள் உரசி நிற்பவனுக்குத் தெரியாது.

தென்கொரியாவின் தோங்யோங் துறைமுகத்துச் சிப்பி ஏலக் கூடத்தில் எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள். ஜாக்கெட் போடாமல் ஏலத்துக்கு வருகிறவன் கிடையாது. வெயில் காயும் மே மாதத்திலும் ஒரு பழைய ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டுதான், ஏலம் கேட்பவர்கள் வரிசையாக நிற்கும் படிகளில் ஏறுவார்கள். தலையில் எண் போட்ட தொப்பி. எண் இருப்பவர்தான் ஏலம் கேட்கலாம். மல்சூனின் எண் நாற்பத்தொன்று.

அந்த எண் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. கொட்டகையில் நின்று சிப்பி உடைத்த கை அது. கத்தி வழுக்கிப் பெருவிரலுக்குக் கீழே விழுந்த வெட்டுகள் வெள்ளைக் கோடுகளாக இன்னும் இருக்கின்றன. அந்த எண்ணை வைத்திருந்த கிழவர் தொழிலை விட்டபோது, எடுத்து நடத்த ஆண்பிள்ளை யாராவது உண்டா என்று ஏலத்தை நடத்தும் சங்கத்தில் கேட்டார்கள். மல்சூன் போய் நின்றாள். அப்போது சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. படியில் நிற்கும் ஒரே பெண் இன்றும் அவள்தான்.

எண்ணைக் காப்பாற்ற ஒரு விதி உண்டு. அக்டோபரில் தொடங்கி மே மாதம் முடியும் பருவத்துக்குள், சங்கம் வைத்திருக்கும் அளவுக்குக் குறையாமல் சரக்கு எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொள்ள வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

சென்ற அக்டோபரில் சங்கம் புதிய முறை கொண்டுவந்தது. இனி விரல் கிடையாது, போன். அவரவர் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். பெட்டிக் குவியல் வந்ததும் பியோ இன்சிக் மணியடிப்பார். அவர் மறுபடி மணியடிப்பதற்குள் விலையை அடித்து அனுப்ப வேண்டும். யார் விலை அதிகமோ அவர் எண் மின்பலகையில் எரியும். நீ ஏழு காட்டினாயா எட்டு காட்டினாயா என்று ஏலக்காரரோடு சண்டை போட வேண்டியதில்லை. எல்லோருக்கும் நல்லதுதான் என்று மல்சூனும் நினைத்தாள்.

ஆனால் கைக்குப் பழைய பாதைதான் தெரியும். நவம்பரில் ஒரு மாலை நல்ல குவியல் ஒன்று வந்தது. கொட்டாவி வந்தது, கண்ணில் நீர் வந்தது, இடது கை ஜாக்கெட்டைத் தூக்கியது. வலது கை போனோடு உள்ளே போய்விட்டது. பார்க்காமலே பெருவிரலால் அடித்து அனுப்பினாள். தலைக்குமேல் பலகையில் நாற்பத்தொன்று எரிந்தது. பக்கத்தில் இருந்த விலை, போக வேண்டிய விலையைப்போல் பத்து மடங்கு.

 பியோ இன்சிக் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து கேட்டார்.

"நாற்பத்தொண்ணு, அந்தப் பெட்டியில சிப்பி இருக்கா, முத்து இருக்கா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சங்கம் அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. மறுநாள் முதல் துணிக்குள் போனை வைக்கக் கூடாது, நெஞ்சுக்கு நேராக வெளியே பிடிக்க வேண்டும் என்று புது விதி வந்தது. ஜாக்கெட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது மல்சூன் மட்டும் இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். மாட்டிக்கொண்டது அவள்.

"அக்கா ஒரு கொட்டாவி விட்டாங்க, நம்ம எல்லாருக்கும் ஜாக்கெட் போச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நாற்பத்திரண்டாம் எண்காரன் பே யோங்தல்.

யோங்தல் அவளுக்கு இடது பக்கம், ஒரு படி மேலே நிற்பவன். நெட்டையன். எந்நேரமும் வாயில் புதினா மிட்டாய் ஒதுக்கியிருப்பான். ஜாக்கெட் காலத்தில் அவனுடைய உயரத்தால் மல்சூனுக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. இப்போதுதான் தொடங்கியது.

மல்சூனுக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து சரியாகத் தெரியாது. போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு எண்ணும் பிஸ்கட் அளவுக்கு இருக்கும். யோங்தல் குனியக்கூட வேண்டாம். நின்ற இடத்திலிருந்து கண்ணைத் தாழ்த்தினால் போதும். அவள் அனுப்பிய மறுநொடி அவன் அதற்கு மேல் ஒரு துளி வைத்து அனுப்புவான். பலகையில் நாற்பத்திரண்டு எரியும். முதல் வாரம் அவள் இதைத் தற்செயல் என்று நினைத்தாள். பிறகு, நல்ல குவியல் வரும்போதெல்லாம் காதோரம் புதினா வாசனை நெருங்குவதைக் கவனித்தாள்.

ஒருநாள் சோதித்துப் பார்த்தாள். சதை கலங்கிப்போன மட்டமான குவியல் ஒன்று வந்தது. பெரிய விலையை அடித்து, அனுப்பாமல் திரையில் அப்படியே வைத்திருந்தாள். புதினா வந்தது. மேலே டப்பென்று ஒரு தட்டல். நாற்பத்திரண்டு எரிந்தது. மல்சூன் தன் திரையில் இருந்ததை அழித்தாள்.

"தம்பிக்கு இன்னைக்கு நல்ல சரக்கு" என்றாள், திரும்பாமலே.

யோங்தல் மிட்டாயைக் கடித்து நொறுக்கினான். அதன்பிறகு அவள் அனுப்பும் விரல் அசையும்வரை காத்திருந்தான். மல்சூன் கடைசி நொடியில் அனுப்பிப் பார்த்தாள். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்து மணி அடித்துவிடும். பக்கத்திலிருந்து பார்த்தால் திரை கறுப்பாகத் தெரியும் ஸ்கிரீன் கார்டு வாங்கி ஒட்டினாள். அது அவளுக்கே கறுப்பாகத் தெரிந்தது. இன்னொரு கையால் மூடிக்கொண்டு அடித்தாள். பெருவிரல் எட்டாமல் எண் மாறியது. பத்து மடங்குப் பேச்சே இன்னும் ஓயவில்லை.

பியோ இன்சிக்கிடம் சொன்னாள்.

"கண்ணை மூடிக்கோன்னு நான் யாருக்கும் சொல்ல முடியாதும்மா. நீ கொஞ்சம் தள்ளி நில்லேன்."

"நான் ஏண்ணே தள்ளி நிக்கணும்? திருட்டுப் பார்வை பாக்கிறவன் தள்ளி நிக்கட்டும்."

படியில் இடம் என்பது எண் வரிசை. யாரும் தள்ளி நிற்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். டிசம்பர் பாதிக்குள் அவள் எடுத்த சரக்கு மற்ற வருடங்களில் எடுப்பதில் பாதிகூட இல்லை. இப்படியே போனால் மே மாதம் தொப்பி போய்விடும்.

துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் மா சங்குவின் போன் கடை. அவனுடைய அம்மாவும் மல்சூனும் ஒரே கொட்டகையில் சிப்பி உடைத்தவர்கள். அவன் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். அன்று அவள் கடைக்குள் நுழைந்து, கண்ணாடிப் பெட்டியைக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"மடிக்கிற போன் இருக்கில்ல, அதைக் காட்டு."

சங்கு முதலில் சிரித்தான். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்று கண்டு, இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று மேலிருந்து கீழாக மடிவது. மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்னொன்று புத்தகம்போலப் பக்கவாட்டில் திறப்பது. திறந்தால் சின்னத் தட்டு அளவுக்கு விரியும்.

"இந்தச் சின்னது போதும் சித்தி. ஏப்ரன் பாக்கெட்ல போட்டுக்கலாம். விலையும் பாதிதான். பாருங்க, சிப்பி மாதிரியே டப்புனு மூடுது. உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு."

"ஒரு ஸ்டூல் இருக்கா?"

"உக்காருங்க, இதோ."

"எனக்கில்ல. நீ ஏறு. எனக்குப் பின்னாடி, இடது பக்கமா நில்லு."

சங்கு ஏறி நின்றான். கடைக்கு வந்த கல்லூரிப் பெண்கள் இருவர் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். மல்சூன் சின்னப் போனைப் பாதி மடித்துப் பிடித்து எண்களை அடித்தாள்.

"என்ன அடிச்சேன்?"

"எட்டு, ஒண்ணு, நாலு."

"அப்ப இது வேணாம். சிப்பி மாதிரி மூடுனா என்ன, ரெண்டு பக்கமும் திறந்துதான் கிடக்கு."

பெரியதை எடுத்தாள். ஒரு கையில் பிடிக்க முடியாத கனம். புத்தகத்தைப் பாதி மூடிப் படிப்பதுபோல இரண்டு இலைகளையும் குறுக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். எண்கள் இரண்டு இலையிலும் பரவிக் கிடந்தன. மடிப்புக்கு நடுவில் இருந்த எண் நெளிந்து தெரிந்தது. சங்கு இறங்கிவந்து எண்களையெல்லாம் இடது இலைக்கு ஒதுக்கித் தந்தான். வலது இலையில் என்ன வைக்கட்டும் என்று கேட்டான். கடல் ஏற்ற இறக்க நேரத்தை வை என்றாள். மறுபடி ஸ்டூலில் ஏறினான்.

"இப்ப?"

"போனோட முதுகுதான் தெரியுது சித்தி."

"இந்தப் பக்கம் வந்து பாரு."

ஸ்டூலை வலது பக்கம் தள்ளி ஏறினான். அங்கிருந்தும் முதுகுதான் தெரிந்தது. மல்சூன் போனை மூடினாள். மூடிய சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

வியாபாரம் முடிந்தது என்று நினைத்து மகிழ வேண்டிய சங்கு, அப்போதுதான் எதிர்வாதம் பேச ஆரம்பித்தான். அம்மாவின் தோழியை ஏமாற்றினான் என்று பேர் வந்தால் அந்தச் சந்தில் கடை வைக்க முடியாது.

"நான் சொல்றதக் கேளுங்க. தண்ணி பட்டா தாங்கும்னு போட்டிருக்கான். அது நல்ல தண்ணிக்கு. உங்க ஏலக் கூடத்துல காத்தே உப்பு. இந்தக் கீலுக்குள்ள மணல் ஒண்ணு போச்சுன்னா கரகரன்னு அரைக்கும். உள்திரை கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா நகம் பட்டாலே கோடு விழும். மேல ஒட்டியிருக்கிற ஸ்கிரீன் கார்டை உரிக்கவே கூடாது, உரிச்சா திரையே போயிடும். குளிர்ல மடிக்கிற இடம் விறைச்சுக்கும். கீழ விழுந்துச்சுன்னா ரிப்பேர்ச் செலவுல இன்னொரு போன் வாங்கிடலாம்."

"நல்லதா ஒண்ணும் இல்லையா இதுல?"

"இருக்கு. எழுத்து பெருசா தெரியும். ரெண்டு வேலை ஒரே நேரத்துல பார்க்கலாம். மூடி வெச்சா திரைக்கு ஒண்ணும் ஆகாது. ஆபீஸ்ல ஏசியில உக்காந்து வெச்சுக்கிறவங்களுக்கு நல்ல போன். நீங்க சிப்பிப் பெட்டிமேல வெப்பீங்க."

"வெப்பேன்."

மகள் ஹேவோனுக்குப் போன் போட்டாள். ஹேவோன் சாங்வோன் நகரத்தில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அம்மாவைத் தொழிலை விடச் சொல்லி இரண்டு வருடமாகக் கெஞ்சுகிறாள். சங்கு கேட்கட்டும் என்று மல்சூன் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அந்தப் போன் என்ன விலை தெரியுமா? எங்க டாக்டரே வாங்கல."

"டாக்டருக்குப் பின்னாடி யோங்தல் நிக்கிறானா?"

"மே மாசம் நம்பர் கையில இருக்குமான்னே தெரியாது. தவணை ரெண்டு வருஷம். நம்பர் போச்சுன்னா அந்தப் போனை வெச்சு என்ன பண்ணுவே?"

"மடிச்சு வெச்சுக்குவேன்."

"ஒரு ஆளுக்குப் பயந்து இவ்வளவு பெரிய செலவா?"

"பயந்தா தொப்பியைக் கொடுத்துட்டு உன் வீட்டுக்கு வந்திருப்பேன். பயப்படலைன்னுதான் வாங்கறேன்." சங்குவின் பக்கம் திரும்பினாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

மறுநாள் மாலை பருத்திக் கையுறையின் பெருவிரல் நுனியைக் கத்தரித்துவிட்டுப் படியேறினாள். முதல் மணி அடித்தது. போனைத் திறந்து, பாதி மடித்து, நெஞ்சோடு பிடித்தாள். புதினா வாசனை வந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு வலப்பக்கம். ஒருமுறை தலைக்கு நேர் மேலேயே வந்தது. அப்போது மல்சூன் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தாள். தொப்பியின் பின்பக்கம் யோங்தலின் தாடையில் இடித்தது.

"மன்னிச்சுக்க தம்பி, நீ இவ்வளவு கிட்ட நிக்கிறேன்னு தெரியாது."

பலகையில் நாற்பத்தொன்று எரிந்தது. அன்று மட்டும் பல தடவை எரிந்தது. யோங்தல் சில குவியல்களுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தான், சிலவற்றில் அருகில்கூட வரவில்லை. தான் விலை போட்டே வெகுநாள் ஆகிவிட்டது என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

குறைகள் ஒவ்வொன்றாக வந்தன. சங்கு சொன்னதில் எதுவும் பொய்யாகவில்லை. ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால் பெருவிரலைக் கழுத்துச் சால்வையில் துடைக்க வேண்டியிருந்தது. ஜனவரிக் குளிரில் போன் திறக்க முரண்டு பிடித்தது. அவள் அதை ஸ்வெட்டருக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு படியேறினாள். கையில் வைத்திருந்தே தோள் வலித்தது. பெட்டிமேல் வைக்கமாட்டேன் என்று ஒருநாளும் அவள் சங்குவுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, வைத்தாள். கீலுக்குள் உப்பு போயிற்று. ஆனால் சரக்கு வந்தது.

ஜனவரிக் கடைசியில் மாதாந்திரக் கூட்டம். சங்கத்தின் மாடியில், காகிதக் கோப்பையில் காபியோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யோங்தல் எழுந்தான்.

"எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல. விதி எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். போனை வெளிப்படையாப் பிடிக்கணும்னுதானே முடிவு பண்ணோம்? அக்கா மட்டும் கதவு போட்டு உள்ளே உக்காந்து ஏலம் கேக்கிறாங்க."

சிலர் தலையாட்டினார்கள். ஜாக்கெட் போன கோபம் அவர்களுக்கு இன்னும் இருந்தது. மல்சூன் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியது அதற்கு முன் இரண்டொரு தடவை இருக்கும்.

"துணிக்குள்ள வைக்கக் கூடாதுன்னுதான் விதி. போன் மடங்கக் கூடாதுன்னு எங்கே இருக்கு?"

"மறைக்கக் கூடாதுங்கிறதுக்குத்தானே அந்த விதி?" என்றான் யோங்தல்.

"இல்ல. பத்து மடங்கு அடிக்கக் கூடாதுங்கிறதுக்கு. பாக்காம அடிச்சேன், தப்பு என்னோடது, ஒத்துக்கிட்டேன். இப்ப பாத்துத்தான் அடிக்கிறேன். மறைக்கிறதுதான் தப்புன்னா, இங்க இருக்கிற எல்லாரும் உங்கப்பா காலத்துல இருந்து ஜாக்கெட்டுக்குள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க? குளிருக்கா கையை உள்ள விட்டீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னொண்ணு கேக்கறேன். இங்க நாப்பது அம்பது பேர் இருக்கோம். என் போன் மடங்குதா விரியுதான்னு மத்தவங்க யாருக்கும் கவலை இல்ல. உனக்கு மட்டும் ஏன் தம்பி? என் திரை தெரியலைங்கிறது பாக்கிறவனுக்குத்தானே தெரியும்?"

இந்த முறை சிரிப்பு மாடி முழுவதும் பரவியது. யோங்தலின் காது சிவந்தது. ஆனால் சிரித்ததோடு சரி, யாரும் அவளுக்காக எழுந்து பேசவில்லை. சங்கத் தலைவர் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். அடுத்த கூட்டம்வரை எல்லோரும் போனை முழுக்க விரித்தே பிடிக்க வேண்டும், மீறினால் ஒரு வாரம் படியேறக் கூடாது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

படிக்கட்டில் இறங்கும்போது பியோ இன்சிக் அவள் பக்கத்தில் வந்தார்.

"ஒரு மாசம்தானேம்மா. விரிச்சுப் பிடிச்சுட்டுப் போயேன்."

"ஒரு மாசம் விரிச்சுப் பிடிச்சா மே மாசம் தொப்பி உங்ககிட்ட வந்துடும். ஒரு வாரம் வெளிய நின்னாலும் வரலாம். ரெண்டும் ஒண்ணுதான்னா, நான் மடிச்சே பிடிக்கிறேன்."

மறுநாள் மாலை மணி அடித்தபோது எல்லோருடைய கண்ணும் அவள் கையில் இருந்தது. மல்சூன் போனை முழுக்க விரித்தாள். தட்டு மாதிரி நீட்டி, யோங்தல் நன்றாகப் பார்க்கட்டும் என்று இடப்பக்கம் ஒருமுறை காட்டினாள். அதில் விலை எதுவும் அடித்திருக்கவில்லை. பிறகு நிதானமாகப் பாதி மடித்து, நெஞ்சோடு சேர்த்து, அடித்து அனுப்பினாள். பலகையில் நாற்பத்தொன்று எரிந்தது. பியோ இன்சிக் மைக்கைக் கீழே இறக்கினார். தலைவரின் ஆள் வந்து அவளைப் படியிலிருந்து இறங்கச் சொன்னான். இறங்கினாள்.

அந்த வாரம் முழுவதும் ஏல நேரத்துக்குத் தவறாமல் வந்தாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு கூடத்தின் வாசலில், கயிற்றுக்கு வெளியே நின்றாள். உள்ளே வராதே என்றுதான் சொல்லியிருந்தார்கள், வெளியே நிற்காதே என்று யாரும் சொல்லவில்லை. கொட்டகையிலிருந்து வீட்டுக்குப் போகும் பெண்கள் அவளைப் பார்த்து நின்றார்கள்.

"ஏண்டி, குளிர்ல விறைச்சுச் சாகப் போறியா? வீட்டுக்குப் போ" என்றாள் ஒருத்தி.

"போனைத்தான் விறைக்காம பாத்துக்கணும். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்படி என்னடி அந்தப் போன்ல?"

"ஒண்ணும் இல்ல. மடங்கும். அவ்வளவுதான்."

உள்ளே விலை படுத்துவிட்டது. நல்ல சரக்குக்கு விடாமல் கேட்கிற ஒருத்தி இல்லையென்றால் மற்றவர்களும் அவசரப்படுவதில்லை. யோங்தலோ தன் விலையை நம்பத் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாரம் முடிவதற்குள் சிப்பி வளர்ப்பவர்கள் நான்கு பேர், படகிலிருந்து வந்த ரப்பர் பூட்ஸோடு மாடியேறித் தலைவரிடம் போனார்கள். அவர்கள் நியாயம் பேசப் போகவில்லை. எங்கள் பெட்டிக்கு விலை கேட்கிறவளை வெளியே நிறுத்திவிட்டு எங்களை ஏன் நஷ்டப்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். மல்சூனுக்கும் யோங்தலுக்கும் நடுவில் என்ன வழக்கு என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

எட்டாம் நாள் மாலை பியோ இன்சிக் வாசலுக்கு வந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"வாம்மா. தலைவர் சரின்னுட்டார். மடிச்சுக்க, சுருட்டிக்க, என்ன வேணா பண்ணிக்க."

மல்சூன் கயிற்றுக்குக் கீழே நுழைந்து, கூடத்தின் நடுவில் நடந்து, படிக்குக் கீழே வந்து நின்றாள். ஏறவில்லை.

"என்ன?" என்றார் பியோ இன்சிக்.

"மைக்ல சொல்லுங்கண்ணே."

"அதான் சொல்லிட்டேனே."

"என்கிட்ட சொன்னீங்க. கூடாதுன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க. பிடிக்கலாம்னு சொல்றதும் எல்லாருக்கும் கேக்கணும்."

படியில் நின்றவர்கள் கீழே பார்த்தார்கள்.  பியோ இன்சிக்குக்கு ஏலம் தாமதமாவது பிடிக்காது. அவர் அவளை ஒருமுறை முறைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மேடையேறி மைக்கை எடுத்தார்.

"நாற்பத்தொண்ணு அவங்க போனை அவங்க இஷ்டப்படி பிடிக்கலாம். எல்லாரும் அப்படியே. துணி மட்டும் கூடாது." கொஞ்சம் நிறுத்தினார். "போதுமாம்மா?"

"போதும்" என்று சொல்லிவிட்டு மல்சூன் படியேறினாள். அவள் இடத்துக்குப் போகும் வழியில் இருந்தவர்கள் காலை ஒதுக்கிக்கொண்டார்கள். யோங்தல் மேலே பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இன்னும் எதுவும் எரியவில்லை.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவள் ஒரு மாலைகூடத் தவறவிடவில்லை. காய்ச்சலோடும் வந்தாள். விலை ஏறினாலும் விடவில்லை. வந்த லாபம் குறைவுதான், எடுத்த சரக்கு அதிகம். எண்ணுக்கு வேண்டிய அளவைத் தாண்டியது மே மாதத்தின் கடைசி வாரத்தில்.

இப்போது மறுபடி அக்டோபர், புதுப் பருவம் தொடங்கியிருக்கிறது. நாற்பத்தொன்றாம் எண் மல்சூனிடமே இருக்கிறது. போன் திறக்கும்போது கரகரவென்கிறது, முழுக்க விரிவதில்லை. மடிப்பு ஓரத்தில் ஸ்கிரீன் கார்டு மேலெழும்பியிருக்கிறது, அவள் அதை உரிக்கவில்லை. கீலை மாற்றச் சொல்லி சங்கு சொல்கிறான், தொழிலை விடச் சொல்லி ஹேவோன் சொல்கிறாள், இரண்டையும் அவள் கேட்கவில்லை. தவணை இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. யோங்தல் அதே இடத்தில்தான் நிற்கிறான். தன் விலையைத் தானே போடுகிறான்.